நாலு கால் தொட்டிக்கு அடியில லோட் செல் வைக்கணும்னா அவசரப்படாதீங்க தம்பி

தம்பி, நீங்க கேட்டது இதுதான்: குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் உங்க ரப்பர் பால் யூனிட்ல 5000 லிட்டர் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தொட்டி ஒண்ணு நாலு கால்ல நிக்குது, மேல கலக்குற மோட்டார் இருக்கு, ஷெட்டுக்கு வெளிய கூரை இல்லாத இடம், இப்ப அதுக்கு அடியில லோட் செல், அதாவது பாரத்தை மின் சிக்னலா மாத்துற கருவி, வச்சு எடை பாக்கணும். காண்ட்ராக்டர் ரெண்டு ஜாக்கி வச்சு தூக்கி மவுண்டை (செல் நடுவுல உக்காருற மேல் பிளேட், கீழ் பிளேட் சட்டம்) சொருகி, நம்ம வெல்டரை வச்சே அடிச்சிடலாம், அரை நாள் வேலைன்னு சொல்லுதாரு, நம்பலாமா?

அரை நாள்ல முடிக்கலாம்னு சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. நான் இந்த எடை மெஷின் வேலையில ரொம்ப வருஷமா இருக்கேன், ரப்பர் பால் யூனிட், ஐஸ் பிளான்ட், தீவன மில்லுன்னு நம்ம மாவட்டத்துல நெறைய தொட்டிக்கு அடியில படுத்து எந்திரிச்சவன். தப்பு நடக்குற இடம் எப்பவும் ரெண்டுதான், ஒண்ணு தூக்குற நேரம், இன்னொண்ணு வெல்டிங். ரெண்டுக்கும் ஒரே வழி தான், லோட் செல் எல்லா வேலையும் முடிஞ்சு கடைசியா உள்ள போகணும். அதுவரைக்கும் அந்த இடத்துல அதே உயரத்துக்கு ஒரு இரும்புக்கட்டை நிக்கணும், டம்மின்னு சொல்லுவோம். மவுண்ட் வாங்கும்போதே நாலு டம்மியும் சேத்து வாங்குங்க, இல்ல லேத்துல குடுத்து செஞ்சுக்கிடுங்க, செலவு பெருசா இல்ல.

முதல்ல செல் எத்தனை டன்னுன்னு பாப்போம், ஏன்னா இதுலயே பாதி பேரு சறுக்குதாங்க. ரப்பர் பால் தண்ணியை விட கொஞ்சம் லேசு, 5000 லிட்டர் நிறைஞ்சா சுமார் 4.9 டன் வரும். தொட்டி, மோட்டார், கியர்பாக்ஸ் எல்லாம் சேத்து 1.4 டன்னு வச்சுக்கிட்டா மொத்தம் 6.3 டன். நாலால வகுத்தா காலுக்கு 1.6 டன்கூட வரலையே, 2 டன் செல் போதும்னு தோணும். ஆனா நாலு கால் நாற்காலி எப்பவாவது ஆடாம நின்னு பாத்திருக்கியளா? தொட்டியும் அப்படித்தான், தரை ஒரு மில்லிமீட்டர் முன்னப்பின்ன இருந்தா எதிரெதிர் மூலை ரெண்டு கால்லயே முழுபாரமும் ஏறிடும். அப்ப ஒரு காலுக்கு 3.15 டன். அதனால உங்களுக்கு 3 டன் செல் நாலு. பெரும்பாலான செல் அதோட அளவுல ஒன்றரை மடங்கு பாரம் வரைக்கும் கெடாம தாங்கும், அதாவது 4.5 டன், அப்ப மோசமான நேரத்துலயும் உங்களுக்கு இடம் இருக்கு, வாங்குற செல்லோட தாள்ல அதை ஒரு தடவை பாத்துக்கிடுங்க. பயந்துபோய் 10 டன் செல் போட்டாலும் பிரயோஜனம் இல்ல, சிக்னல் ரொம்ப சின்னதாயிடும், டிஸ்ப்ளே ஒரு கிலோவுக்கு நடுங்கிக்கிட்டே இருக்கும். புதுசா தொட்டி செய்யறவங்க யாராவது இதை வாசிச்சா, முடிஞ்சா மூணு கால்ல செய்யுங்க, மூணு கால் எந்தத் தரையிலயும் தானா உக்காரும்.

இனி தூக்குறது. இதுல தான் எனக்கு பயம்.

பல வருஷம் முன்னாடி ஒரு யூனிட்ல, பேரு வேண்டாம், இதே மாதிரி ஒரு தொட்டி. தரையை அப்பதான் கழுவி விட்டிருக்காங்க, பால் சிந்தி சிந்தி தரை மேல ஒரு படலம் இருக்கும்லா, தண்ணி பட்டா பாசி மாதிரி வழுக்கும். அது மேல ஒரு துண்டுப் பலகை, பலகை மேல பாட்டில் ஜாக்கி. 60 மில்லிமீட்டர் போல ஏத்தியாச்சு, காலுக்கு அடியில பேக்கிங் பிளேட் (இடைவெளியை அடைக்கிற இரும்புத் தகடு) ஒரு பக்கம் தான் வச்சிருக்கு, இன்னொரு பக்கம் வெறும் ஜாக்கியில நிக்குது. பிட்டர் பையன் குனிஞ்சு கையால பிளேட்டை உள்ள தள்ளுதான், பலகை தரையில நழுவிச்சு. சத்தம் கேட்டு நான் திரும்புறதுக்குள்ள கால் எறங்கிடுச்சு. நடுவிரல் நுனி போச்சு அவனுக்கு. காலி தொட்டி தான் அது, காலின்னாலும் ஒரு டன்னுக்கு மேல. அந்த சத்தம் இன்னும் என் காதுல இருக்கு, அதுக்கப்புறம் நான் போற எந்த வேலையிலயும் பேக்கிங்கை யாரும் கையால தள்ள விடுறதில்ல, ஒரு ஒன்றரை அடி நீள பட்டைக் கம்பி வச்சிருப்பேன், அதால தான் தள்ளணும், அதால தான் இழுக்கணும். இதை மட்டும் உங்க ஆளுகளுக்கு நீங்களே நின்னு சொல்லுங்க.

தூக்குறதுக்கு முன்னாடி தொட்டி காலியா இருக்கணும். கால்வாசி பால் கெடந்தாக்கூட தொட்டி சாயும்போது அது ஒரு பக்கமா ஓடி பாரத்தை மாத்திடும். கழுவி அமோனியா வாசம் போற வரைக்கும் காத்தாட விடுங்க, அடியில வேலை பாக்குறவன் கண்ணு எரிஞ்சு சட்டுனு எந்திரிச்சா அதுவே ஆபத்து. மோட்டார் கரண்டை மெயின்ல எடுத்து பூட்டு போட்டு சாவியை வேலை பாக்குறவன் பையில போடச் சொல்லுங்க. எல்லா பைப்பையும் பிளேன்ஜ்ல (போல்ட் போட்டு சேத்திருக்கிற வளையத்துல) கழட்டுங்க, ஒண்ணுகூட விடாம. ஓவர்ப்ளோ பைப் சின்னதுதானேன்னு விட்டுட்டு தூக்கி நாசிலே (பைப் மாட்டுற தொட்டி வாய்) பிஞ்ச கதையெல்லாம் இருக்கு.

அப்புறம் ஜாக்கியை தொட்டியோட அடிவயித்துல வைக்கவே கூடாது, அது உள்வாங்கிடும். காலுல ஒரு பிராக்கெட் போல்ட் பண்ணி அதுக்கு அடியில தான் வைக்கணும். ஜாக்கிக்கு அடியில காஞ்ச தரை, தரைமேல தடிச்ச ஸ்டீல் பிளேட், பலகைத் துண்டு ஆகாது. ஜாக்கி லாக் நட் உள்ளதா இருந்தா ரொம்ப நல்லது, ஏன்னா ஆயில் ஜாக்கி எறங்காதுன்னு யாரும் உத்தரவாதம் குடுக்க முடியாது. ஒரு பக்கம் 5 மில்லிமீட்டர் ஏத்து, உடனே அந்தப் பக்க ரெண்டு காலுக்கும் பேக்கிங் வை, ஜாக்கியை எறக்கி பாரத்தை பேக்கிங் மேல விடு, அப்புறம் மறுபக்கம் 5 மில்லிமீட்டர். இப்படியே. எந்த நேரத்துல ஜாக்கி நழுவினாலும் தொட்டி விழுற தூரம் 5 மில்லிமீட்டர் தான் இருக்கணும், அதான் கணக்கு. உங்க மவுண்ட் உயரம் 120 மில்லிமீட்டர்னா ஒரு பக்கத்துக்கு 24 தடவை, ரெண்டு பக்கத்துக்கும் 48 தடவை. இப்ப சொல்லுங்க, அரை நாள்ல முடியுமா? மேல இருந்து ஒரு செயின் பிளாக் அல்லது ஹைட்ரா கிரேன் கொக்கியை தொட்டியோட தூக்குற காதுல மாட்டி லேசா இறுக்கி வச்சுக்கிட்டா இன்னும் தைரியம், ஜாக்கி ஏற ஏற அந்தத் தொய்வை எடுத்துக்கிட்டே வரணும்.

இதுக்கு இன்னொரு வழி இருக்கு, எனக்கு அதுதான் பிடிக்கும். தொட்டியை தூக்கவே வேண்டாம், மவுண்டும் அடி பிளேட்டும் சேந்த உயரத்துக்கு காலோட அடியை வெட்டி எடுத்துட்டா போச்சு. தொட்டி இருந்த உயரத்துலயே நிக்கும், பைப் லைன், பிளாட்பாரம், பால் ஊத்துற வாய் எதையும் மாத்த வேண்டாம். ஆனா ஒரு நேரத்துல ஒரு கால் தான், அந்தக் காலுக்கு பக்கத்துல பிராக்கெட் போட்டு ஐ பீம் துண்டால நல்லா முட்டு குடுத்து, முட்டு மேல பாரம் ஏறின பிறகுதான் வெட்டணும். வெட்டி, அடியில தடிச்ச பிளேட் வெல்ட் பண்ணி, டம்மியோட மவுண்டை வச்சு, முட்டை எறக்கி, அப்புறம் தான் அடுத்த கால்.

வெல்டிங்குக்கு வருவோம். செல்லுக்குள்ள ஒட்டியிருக்கிறது தலைமுடி கணக்கான கம்பி, அதுல ஓடுற சிக்னல் 10 வோல்ட் குடுத்தா முழு பாரத்துக்கும் சேத்து வெறும் 20 மில்லிவோல்ட். வெல்டிங் மெஷின்ல ஓடுறது 100, 150 ஆம்பியர். தொட்டியில எங்கயோ ஹோல்டரை வச்சு அடிச்சு, எர்த் கிளாம்பை தரையில இருக்குற தூணுல மாட்டினா, அந்தக் கரண்ட் திரும்பிப் போற வழி எது? நாலு லோட் செல் தான்.

எனக்கு ஒரு தடவை திங்கக்கிழமை காலையில போன் வந்துச்சு, டிஸ்ப்ளேல எரர் காட்டுதுன்னு. போய் நாலு செல்லோட ஒயரும் வந்து சேருற ஜங்ஷன் பாக்ஸ் திறந்து ஒவ்வொரு செல்லா கழட்டி மீட்டர் வச்சேன். வோல்டேஜ் குடுக்குற ரெண்டு வயருக்கு நடுவுல 350 ஓமுக்கு பக்கத்துல காட்டணும், ரெண்டு செல் ஒண்ணுமே காட்டல, ஓப்பன். மத்த ரெண்டும் ஓம் சரியா காட்டுது ஆனா பாரம் எடுத்தா ஜீரோவுக்கு வரல. கேட்டா யாரும் ஒண்ணும் பண்ணலன்னு சொன்னாங்க. தொட்டியை சுத்திப் பாத்தேன், வால்வு பக்கத்துல ஒரு புது பிராக்கெட், பெயின்ட் அடிக்காத பளபள வெல்டு. சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டே ரெண்டு டாக் (சின்னப் பொட்டு வெல்டு) அடிச்சாங்களாம், எர்த் பக்கத்து கைப்பிடி பைப்புல. நாலு செல்லும் குப்பைக்கு போச்சு.

அதனால வெல்டிங் எல்லாம் டம்மி மேலயே முடிச்சிடுங்க. எதிர்காலத்துல எப்பவாவது தொட்டியில வெல்ட் அடிக்க வேண்டி வந்தா, செல்லை கழட்டி டம்மி வச்சுட்டு அடிக்கணும், எர்த் கிளாம்பை அடிக்கிற இடத்துக்கு ஒரு அடி பக்கத்துல, அதே துண்டுல மாட்டணும். அதோட ஒவ்வொரு மவுண்ட்லயும் மேல் பிளேட்டுக்கும் கீழ் பிளேட்டுக்கும் நடுவுல பின்னின பட்டைக் கம்பியால ஒரு எர்த் இணைப்பு குடுங்க, தொய்வா, இழுத்துக் கட்டாம. இடி மின்னல் சமயத்துலயும் அதுதான் காப்பாத்தும், நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகை இடியும் கோடை மழை இடியும் எப்படின்னு உங்களுக்கு தெரியும்.

அடுத்தது காத்து. உங்க தொட்டி வெளிய நிக்குதுன்னு சொன்னதால இதைக் கண்டிப்பா சொல்லணும். 2017 நவம்பர் 30-ல ஒக்கி புயல் வந்தப்ப உங்க பக்கம் எத்தனை ரப்பர் மரம் முறிஞ்சு கெடந்துச்சுன்னு பாத்திருப்பிய. காத்தழுத்தத்துக்கு உள்ள இந்தியத் தர விதி ஐஎஸ் 875 பகுதி 3-ல திருவனந்தபுரத்துக்கு அடிப்படை வேகம் செகண்டுக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். பக்கத்து ஊருங்கிறதால நம்ம கணக்குக்கும் அதையே எடுத்துக்கிடுவோம். 2 மீட்டர் குறுக்களவு, கூம்பு அடி, மோட்டார் எல்லாம் சேத்து 4 மீட்டர் உயரத்துக்கு காத்து படும்னு தாராளமா வச்சுக்கிட்டா, உருண்டை வடிவத்துக்கு கழிச்சது போக தொட்டி மேல சுமார் 520 கிலோ தள்ளும். அது தரையில இருந்து மூணு மீட்டருக்கு மேல உயரத்துல தள்ளுது. கால் இடைவெளி 1.4 மீட்டர்னா, காலியா நிக்கிற 1.4 டன் தொட்டி தன்னோட பாரத்தால குடுக்குற எதிர்ப்பு அந்தத் தள்ளுதலுக்கு மூணுல ரெண்டு பங்கு கூட வராது. அதாவது கட்டி வைக்கலன்னா காலி தொட்டி சாயும். பழைய கால் கான்கிரீட்ல ஆங்கர் போல்ட்ல இறுகியிருந்துச்சு, அதனால இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல. நீங்க இப்ப அதை அவுத்துட்டு நடுவுல ஒரு செல்லை வைக்கப் போறிய. செல் கீழ தள்ளுற பாரத்தை தான் தாங்கும், மேல இழுத்தா பிடிக்காது. அதனால மவுண்ட்ல தூக்காம பிடிக்கிற போல்ட் இருக்கணும், அது இல்லாத மலிவு மவுண்ட் உங்களுக்கு ஆகாது. அந்த போல்டோட நட் சும்மா நேரத்துல பிளேட்டை தொடக்கூடாது, 2 மில்லிமீட்டர் இடைவெளி, டபுள் நட் போட்டு பூட்டிடணும். நட்டை இறுக்கிப் பிடிச்சா பாரம் செல்லுக்கு போகாம போல்ட் வழியா போயிடும், எடை குறைவா காட்டும். தரையில போடுற ஆங்கர் போல்ட்டோட அளவை மட்டும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கிட்ட கணக்கு போட்டு வாங்குங்க, என் வாய்க்கணக்கை வச்சு வாங்காதீங்க.

தொட்டி பக்கவாட்டுல நகரவும் கூடாது, ஆனா வெயிலுக்கும் வெந்நீர் கழுவலுக்கும் விரியணும். எஸ்எஸ் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 17 மைக்ரான் விரியும், 80 டிகிரி வெந்நீர் விட்டா உங்க கால் இடைவெளியில ஒரு மில்லிமீட்டர் கூடும். நாலு மவுண்டும் அசையாத மாதிரி இறுக்கினா அந்த ஒரு மில்லிமீட்டர் செல்லை பக்கவாட்டுல வளைக்கும். அதான் ஒரு மூலையில அசையாத மவுண்ட், ஒண்ணு ஒரு திசையில மட்டும் நகருறது, மத்தது ரெண்டும் எல்லா பக்கமும் நகருறதுன்னு வைப்பாங்க. எது எந்த மூலைக்குன்னு கம்பெனி வரைபடத்துல இருக்கும், அசையாத மவுண்ட் பைப் அதிகமா சேருற பக்கம் வந்தா நல்லது. சில கம்பெனி மவுண்ட் தானே நடுவுக்கு வர்ற மாதிரி நாலும் ஒரே வகையா இருக்கும், அப்ப அவங்க சொல்றபடி.

தரை மட்டம் பாக்க ரசமட்டம் போதும், ஆனா ஒவ்வொரு பிளேட்டையும் ரெண்டு திசையிலயும் வச்சுப் பாருங்க. டம்மி மேல தொட்டி நிக்கும்போதே கீழ் பிளேட்டுக்கு அடியில சுருங்காத கிரௌட் (சிமெண்ட் மாதிரி கலவை) ஊத்தி, காயுற நாளை முழுசா விட்டுட்டு, அப்புறம் ஒவ்வொண்ணா டம்மியை எடுத்து செல்லை வைங்க. இப்ப தூக்குறது ஒரு மில்லிமீட்டர் தான், மவுண்ட்ல இருக்கிற ஜாக்கிங் போல்ட்டே போதும். செல்லை ஒயரைப் பிடிச்சு தூக்காதீங்க, நாலு ஒயர் செல்லுன்னா மிச்ச ஒயரை வெட்டவும் கூடாது, நீளம் மாறினா அளவு மாறும், சுருட்டி பாக்ஸ் பக்கத்துல கட்டி வைங்க.

நாலும் உள்ள போனதும் பாரம் சமமா இருக்கான்னு பாக்கணும். இதுதான் எனக்கு பிடிச்ச வேலை. ஜங்ஷன் பாக்ஸ்ல ஒரு நேரம் ஒரு செல்லோட சிக்னல் ஒயரை கழட்டி மீட்டரை மில்லிவோல்ட்ல வைங்க. காலி தொட்டி 1.4 டன், காலுக்கு 350 கிலோ, 3 டன் செல்லுக்கு 10 வோல்ட் குடுத்தா 2.3 மில்லிவோல்ட் வரணும். நான் பாத்த ஒரு தொட்டியில முதல் மூலை 4.1, அடுத்தது 0.5, அதுக்கடுத்தது 4.0, கடைசி 0.6. பாத்தவுடனே தெரியும், எதிரெதிர் மூலை ரெண்டு தான் சுமக்குது, மத்த ரெண்டும் சும்மா நிக்குது. குறைஞ்ச மூலையில ஒண்ணுல மேல் பிளேட்டுக்கும் காலுக்கும் நடுவுல அரை மில்லிமீட்டர் ஷிம் வச்சதும் நாலும் 2.1-ல இருந்து 2.5-க்குள்ள வந்துச்சு. ஷிம் முழு பிளேட் அளவுக்கு எஸ்எஸ் தகடா இருக்கணும், பிளேடு துண்டு, தகர டப்பா எல்லாம் வேண்டாம்.

பைப்பை திரும்ப மாட்டும்போது நேரா பழைய இரும்பு பைப்பையே மாட்டினா இவ்வளவு பாடும் வீண். பால் நிறையும்போது தொட்டி செல்லு, தரை எல்லாம் சேத்து ஒரு மில்லிமீட்டர் வரை கீழ எறங்கும், விறைப்பான பைப் அதை எறங்க விடாம தாங்கிக்கிடும். எல்லா இணைப்புக்கும் பக்கவாட்டா படுத்த மாதிரி வளையுற ஹோஸ் ஒரு துண்டு குடுங்க, பைப்போட எடையை தரையில இருந்து வர்ற சப்போர்ட் தாங்கணும், தொட்டியில தொங்கக்கூடாது. ஏணி, பிளாட்பாரம் எதுவும் தொட்டியை தொடக்கூடாது.

ரப்பர் பால் யூனிட்டுக்குன்னே ஒரு விஷயம், ஜங்ஷன் பாக்ஸ் கிளாண்ட் (ஒயர் உள்ள போற இடத்துல இறுக்குற வாய்) பித்தளையில வாங்காதீங்க, மேல நிக்கல் பூச்சு இருந்தாலும் ஆகாது. அமோனியா காத்துல பித்தளை வெடிச்சு விரிஞ்சிடும், அந்த விரிசல்ல ஈரம் உள்ள போய் ராத்திரி ஒரு எடை பகல் ஒரு எடை காட்டும். எஸ்எஸ் கிளாண்ட், வாய் கீழ பாத்து, ஒயர் பாக்ஸுக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு தொய்வு, தண்ணி அங்கயே சொட்டிடும். செல் முழுக்க வெல்ட் பண்ணி அடைச்ச ஸ்டெயின்லெஸ், ஐபி68 (தூசியும் தண்ணியும் புகாத தரம்). எலி கடிக்காம ஒயரை பைப்புக்குள்ள விடுங்க.

கடைசியா அளவு பாக்குறது. 20 கிலோ எடைக்கல் 25 வாடகைக்கு எடுத்தா 500 கிலோ. அதை தொட்டியை சுத்தி சமமா தொங்கவிட்டு காட்டுற எடையை எழுதிக்கிட்டு, எறக்கிட்டு அதே எடை காட்டுற வரைக்கும் தண்ணி விடுங்க, திரும்ப கல்லை ஏத்துங்க, இப்படி பத்து தடவை போனா 5 டன் வந்துடும். எறங்கும்போதும் ஒரு தடவை பாருங்க, ஏறும்போது வந்த எடையும் எறங்கும்போது வர்ற எடையும் ஒத்துப் போகலன்னா எங்கயோ ஒரு பைப்போ போல்டோ பிடிக்குதுன்னு அர்த்தம். இந்த எடையை வச்சு தான் விவசாயிகளுக்கு பாலுக்கு காசு குடுக்கப் போறியன்னா, எடையளவு சட்டம் 2009 படி துறையில காட்டி முத்திரை வாங்கணும், உள்ள கலவைக்கு மட்டும்னா அது வேற.

கல்லை ஏத்துறதுக்கு முன்னாடி ஜாக்கிங் போல்ட் நாலையும் முழுசா தளர்த்தி விட்டாச்சான்னு ஒரு தாளை விட்டுப் பாருங்க, தாள் தடையில்லாம உள்ள போய் வெளிய வரணும். கிரௌட் ஊத்துறதுக்கு முன்னாடி நாலு மூலையையும் போட்டோ எடுத்து இங்கயே போடுங்க, நான் பாத்து சொல்லுதேன்.